சோப்பு தடவிய வில்

வானகரம் கல்யாண மண்டபத்தில் பழைய டிஸ்கோ பாட்டு போட்டார்கள். வயலின்கள் அலையாக எழும்பும் இடத்தில் அக்கா புருஷன் தொடையைத் தட்டினார். "உங்க சித்தப்பாங்க இத இன்னாமா இழுப்பாங்க மச்சான்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எண்பதுகளில் பட்டாபிராமில் நைனா ஆர்கெஸ்ட்ரா நடத்தினார். மேடையில் சித்தப்பாக்கள் பளபளா கோட்டில் வயலின் இழுப்பார்கள். சத்தம் வராதபடி வில்லில் சோப்பு தடவியிருக்கும். திரைக்குப் பின்னால், சூடேறிய கீபோர்டில் அத்தனை வயலினையும் வாசித்தது அக்கா.

"நானும் முன்னால வரேன் நைனா."

"மேடையேறுனா உன்ன எவன் கட்டுவான்? மூச்சு விடாத."

கட்டியவரிடமும் அவள் இதுவரை மூச்சு விடவில்லை. இப்போதும் அவள் விரல்கள் மட்டும் மடியில் ஓடின.

"மாமா, அவங்க வில்லுல இருந்தது சோப்பு. வாசிச்சது உன் பக்கத்துல குந்திகினு கீது!"