“கண்ணைக் காட்டுங்க” ஃபிலோமினா டீச்சர்

ஃபிலோமினா டீச்சர் போய்விட்டார். இன்று காலை, தூக்கத்திலேயே... பழைய ஸ்டாஃப் க்ரூப்பில் பார்த்தேன்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் ஸ்கூல் சயின்ஸ் டீச்சர். ஸ்டாஃபில் யாருக்கு ஒட்டுகிற நோய் வந்தாலும் கவனிக்கும் பொறுப்பை ஹெச்.எம். அவரிடம் கொடுத்திருந்தார். ஏன்டா கொடுத்தோம் என்று அப்புறம் நொந்துகொண்டதும் அதே ஹெச்.எம்.தான்!

மெட்ராஸ் ஐ சீசன் வந்தால் அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் பக்கத்தில் நின்றுகொள்வார். “கண்ணக் காட்டுங்க.” அப்புறம்தான் கையெழுத்து. அதுவும் அவரவர் பேனாவில்.

ஒருநாள் ஹெச்.எம். கூலிங் கிளாஸோடு வந்தார். என்ன ஸ்டைல் என்று நாங்கள் வாயைப் பிளந்தோம்.

“சார், கண்ணாடியக் கழட்டுங்க.”

“வெயிலு டீச்சர்...”

“ரூமுக்குள்ள ஏது சார் வெயிலு?”

தக்காளி மாதிரி இரண்டு கண்கள். ஹெச்.எம்.மையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பு...

சிரிக்க முடியாத நாளும் ஒன்று வந்தது. எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். அதுவரை அம்மை வந்ததே இல்லை. இப்போது வந்தால் குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பொங்கல் லீவில் கணக்கு சார் ராமலிங்கத்துக்கு அம்மை. ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து சேர் அவருடையது.

லீவ் முடிந்த அன்றே முத்தாண்டிக்குப்பத்திலிருந்து மொபெட்டில் வந்து இறங்கிவிட்டார் மனுஷர். கழுத்தில் கொப்புளம் காயவே இல்லை. டீச்சர் கேட்டிலேயே மறித்தார்.

“தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சுங்க டீச்சர். டென்த் போர்ஷன் அப்பிடியே கெடக்குது...”

“எத்தினி தண்ணி சார்?”

“ஒண்ணு.”

“நான் மாதா கோயிலுக்குப் போறவ. எனக்கே தெரியுது, மூணாந் தண்ணி ஊத்தாம ஆத்தா போவ மாட்டான்னு. அவள வண்டியில ஒக்கார வச்சிக்கினு ஸ்கூலுக்கு வந்திருக்கீங்களே!”

வைரஸ் என்று சொல்லியிருந்தால் சார் சாயங்காலம் வரை வாதாடியிருப்பார். ஆத்தா என்றதும் வண்டியைத் திருப்பிவிட்டார். அவர் வரும்வரை டென்த் கணக்கை டீச்சரே எடுத்தார். தப்புத் தப்பாக... பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்!

மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் சார் ஒரு தூக்கு நிறைய கூழோடு வந்தார். முதல் டம்ளர் டீச்சருக்கு. “ஆத்தாவ வழியனுப்பி வச்சது நீங்கதானுங்களே.”

டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டு குடித்தார். இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கினார். என்னிடம் திரும்பி, “ஒனக்கு வேற டம்ளர்” என்றார்.

டீச்சர்... எனக்கு நேற்றிலிருந்து மெட்ராஸ் ஐ. கடைசியாக ஒரு தடவை உங்கள் முகத்தைப் பார்க்க மனசு அடித்துக்கொள்கிறது. ஆனால் வரமாட்டேன். வந்தால் எழுந்து உட்கார்ந்து திட்டுவீர்கள்.

போய் வாருங்கள். மாலையோடு என் மகள் வருகிறாள், அன்று என் வயிற்றில் இருந்தவள். அவள் கண்ணை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.