சாப்பாட்டில் சேராதவை

மாட்டாஸ்பத்திரிக்கு வருகிற நோயாளி பொய் சொல்லாது; கூட வருகிறவர்தான் சொல்வார், அதுவும் பொய்யென்று தெரியாமலே. கொடைக்கானலில் நான் கம்பவுண்டராக இருந்த நாட்களில் துரைமார் பங்களாக்களை விற்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். நாயும் பூனையும் மட்டும் இங்கேயே தங்கி, கண்டதையும் தின்று, சொறிந்துகொண்டும் கழிந்துகொண்டும் கிடந்தன. டாக்டர் வாரத்தில் பாதி நாள் மலைக்கிராமங்களுக்கு மாடு பார்க்கப் போய்விடுவார், "தீனியை மாத்திப் பாருமய்யா" என்று இதுகளை என் தலையில் கட்டிவிட்டு. வீட்டில் பிராணி வளர்த்து அவதிப்படும் அன்பர்களே, பத்தியம் சொன்னவன் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

நாலு மணி சாசர்

ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவரின் பூனைக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை. குடித்த அரை மணியில் கழிச்சல். பாலை நிறுத்துங்கள், அவித்த மீனும் சோறும் போதும் என்றேன். பத்து நாள் கழித்தும் பூனைக்கூடை நனைந்துதான் வந்தது. ஒரு சொட்டுப் பால் கொடுக்கவில்லை என்று டீச்சரம்மா அடித்துச் சொன்னார். சந்தேகப்பட்டு ஒருநாள் மாலை வீட்டுக்கே போனேன். பூனை தனக்கென்று வைத்திருந்த பீங்கான் சாசரில் டீ குடித்துக்கொண்டிருந்தது. தொட்டுக்கொள்ள பிஸ்கட் வேறு. டீயில் பால் இல்லையா என்று கேட்டேன்.

"அது கலருக்கு ஊத்துனது சார், அதப் போயிப் பால்ங்குறீங்களே!"

ஜிம்மிக்கு வந்த கெடு

ஏரிக்கு மேலே ஒரு பங்களா. மதுரைக்கார முதலாளி வாங்கியது. வருஷத்தில் ஒரு மாதம் வருவார். மற்றபடி வாட்ச்மேன் காளியப்பன், அவர் மனைவி அங்கம்மா, ஜிம்மி என்ற நாய். ஜிம்மி காதையும் வயிற்றையும் ரத்தம் வரச் சொறிந்தது, தின்றதைக் கக்கியது. காளியப்பன் ஒரு கடுதாசியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். சீசனுக்குக் குழந்தைகளோடு வருகிறோம், அதற்குள் நாய் தேறாவிட்டால் சுட ஆள் பார்த்து வை என்று இருந்தது. நான் படித்து முடிப்பதற்குள் அவர் அழுதுவிட்டார்.

எல்லாவற்றையும் நிறுத்தி, உப்பில்லாத சோறும் அவித்த ஆட்டுக்கறியும் மட்டும் என்றேன். ஒரு வாரமாகியும் வாந்தி நிற்கவில்லை. ஜிம்மியின் வாயை முகர்ந்தால் பூண்டு வாடை! கேட்டதும் அங்கம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மலைப்பூண்டு மருந்துங்க. வயித்துக்கு ஆகட்டும்னு நாந்தான் நசுக்கிப் போடுறேன், அதெப்பிடித் தீனியாகும்?"

பிரிவுத் துயரம்

பூண்டை நிறுத்தியதும் ஜிம்மி தேறியது. ஆனால் மாதம் ஒருமுறை திடீரென்று பழைய சொறிச்சல். நான் மாதாமாதம் கார்த்திகை நட்சத்திரத்துக்கு லீவு போட்டுப் பழனிக்குப் போய்வருவேன். திரும்பிய இரண்டாம் நாள் காளியப்பன் ஜிம்மியோடு வெள்ளனே வந்து நிற்பார். "நீங்க ஊருக்குப் போனா ஏங்கிப்போகுதுங்க. அந்த ஏக்கந்தான் மேலெல்லாம் அரிப்பா வருது" என்பார். சிரிக்காதீர்கள், நானும் நம்பினேன். பெருமையாகக்கூட இருந்தது.

சீசனுக்கு ஒன்றரை மாதம் இருந்தது. அந்த முறை பஸ்ஸை விட்டு இறங்கியதும், ஏக்கம் தீரட்டும் என்று நேரே பங்களாவுக்குப் போனேன். அடிவாரத்தில் என் அண்ணனுக்குப் பஞ்சாமிர்தக் கடை. தெரிந்த வீடுகளுக்கெல்லாம் ஒரு டப்பா கொண்டுவந்து அன்றே கொடுத்தனுப்புவது என் வழக்கம். அங்கம்மா டப்பாவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காளியப்பனுக்கு ஒரு விரல், தனக்கு ஒரு விரல். பத்தியத்தில் வாடுகிற ஜிம்மிக்கு மட்டும் கை நிறைய. நான் போட்ட சத்தத்தில் ஜிம்மி கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டது.

"பிரசாதங்க! நீங்க கொண்டாந்து குடுத்தத நாய்க்கு மட்டும் இல்லேன்னா சாமி குத்தமாயிராதா?"

சீசன்

அடுத்த கார்த்திகைக்கு நான் பயந்துபோய்ப் பழனிப் பக்கமே போகவில்லை. முதலாளி வந்து இறங்கியபோது ஜிம்மி பளபளவென்று ஓடிப்போய்க் குழந்தைகள் மேல் தாவியது. காளியப்பன் என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. முதலாளிக்கு ஆச்சரியம். அப்படி என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று என்னைக் கேட்டார். நான் பத்தியத்தின் மகிமையை விளக்க வாயெடுப்பதற்குள் காளியப்பன் முந்திக்கொண்டார்.

"மருந்தெல்லாம் இல்லீங்க மொதலாளி, கம்பவுண்டரய்யா பழனிக்குப் போறத நிறுத்துனாரு, சரியாப் போச்சு!"

ஜிம்மிக்கு எதுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாதக்கணக்கில் துப்புத் துலக்கியதில் கடைசியாக அகப்பட்டது நான்தான்.