கல் வைத்தவள் என் அக்கா

ஒரு நாள் காலை எங்கள் தெருமுனையில் ஐந்து மரப்பெட்டிகள் நின்றிருந்தன. ஒவ்வொன்றும் மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டி அளவு இருக்கும். உள்ளே மண் நிரப்பி ஊதாப்பூச் செடிகள் நட்டிருந்தார்கள். கார் நுழைய முடியாதபடி அவற்றைத் தெருவுக்குக் குறுக்கே வரிசையாக வைத்திருந்தார்கள். நான் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு நகரத்தில் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். ஏழரை மணிக்குள் முதல் வீட்டில் ஒரு பெரியவரை எழுப்பி உட்காரவைத்து மாத்திரை கொடுத்தாக வேண்டும். யாரோ லாரிக்காரர் இடம் மாறி இறக்கிவிட்டார் என்று நினைத்துக் காரிலிருந்து இறங்கினேன். எதிர்வீட்டு ஹெலன், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, காபிக் கோப்பையோடு வாசலில் நின்றிருந்தார். "அழகாக இருக்கிறது, இல்லையா? இனிமேல் நம் தெரு வழியாக வண்டிகள் கடந்து போக முடியாது" என்றார். நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் மட்டும் வழி, கார்கள் பெரிய சாலையைச் சுற்றிப் போக வேண்டும், இது இப்போதைக்குச் சோதனைதான், மக்களிடம் கருத்துக் கேட்ட பிறகு முடிவு செய்வார்கள் என்று விளக்கினார். இதற்கு 'லோ டிராஃபிக் நெய்பர்ஹுட்' என்று பெயராம். அன்று கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். ஆனால் என்னை உலுக்கியது அந்தத் தாமதமல்ல. ஒரு ரோட்டை மூடியதற்காக ஒருவர் சந்தோஷப்படுவதை என் வாழ்நாளில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களில் கல்வராயன் மலைக்காரர்கள் இருந்தால் அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் வெள்ளிமலையிலிருந்து இரண்டு மணி நேர நடை. நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அங்கே வண்டி போகும் பாதை கிடையாது. என் அக்கா பொன்னம்மாவுக்குத் தலைப்பிரசவ வலி எடுத்தது ஓர் ஐப்பசி மாதம், உச்சிப்பொழுதில். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மூங்கில் கழியில் போர்வையைக் கட்டி அவளை அதில் கிடத்தி நான்கு பேர் தூக்கினார்கள். முன்பக்கம் பிடித்தவர் பக்கத்து வீட்டுக் கோவிந்தன் அண்ணன். நான் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். வழியில் ஓர் ஓடை. தண்ணீர் இடுப்பளவு போனதால் வடியும்வரை நிற்க வேண்டியிருந்தது. அங்கேயே, அந்தப் போர்வைக்குள்ளேயே, பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அது அழவே இல்லை. தார்ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது எங்களுக்காகச் சொல்லி வைத்திருந்த ஜீப் காத்துக்கொண்டிருந்தது. அக்காவைக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள். வீடு திரும்பிய அடுத்த மாதமே அவள் ரோடு கேட்டு மனு எழுதச் சொன்னாள். எழுதியது நான்தான். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாவதற்கு முன்பு விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போனாள். பிறகு கள்ளக்குறிச்சிக்குப் போனாள். மனு வாங்கும் திங்கட்கிழமை என்றால் அக்கா ஊரில் இருக்க மாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். நான் விமானம் ஏறிய பிறகுதான் ரோடு வந்தது. அன்று போனில் அவள் பேசவில்லை. முதல் ஜீப்பின் ஹாரன் சத்தத்தை மட்டும் எனக்குக் கேட்கவைத்தாள்.

இங்கே பெட்டிகள் வந்த சில மாதங்களில் நூலகக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. ஹெலன் என்னையும் அழைத்துப் போனார். பஸ்ஸில் கால் பட்டுவிட்டால் மூன்று முறை மன்னிப்புக் கேட்கிற இந்த மனிதர்கள் அன்று ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்தியதைக் கண்டு நான் திகைத்துப் போனேன். என் பிள்ளை முதன்முறையாகத் தெருவில் சைக்கிள் ஓட்டுகிறான் என்று ஒரு தாய் சொன்னாள். குழாய் ரிப்பேர் செய்யும் ஒருவர் எழுந்து, இந்தப் பெட்டிகளால் என் பிழைப்பு போகிறது, உங்கள் தெருவின் புகையெல்லாம் இப்போது என் தெருவுக்கு வருகிறது என்று முகம் சிவந்து பேசினார். இருவர் சொன்னதும் எனக்கு உண்மையாகப் பட்டது. யாரோ மைக்கை என் கையில் கொடுத்தார்கள். ஒருவருக்கு இரண்டு நிமிடம். என் ஆங்கிலத்தைக் கூட்டிக்கொண்டு, "நான் ஒரு மலைக் கிராமத்திலிருந்து வருகிறேன். எங்கள் ஊருக்கு எந்த வண்டியும் வராது. எல்லோரும் நடந்துதான் போவோம்" என்று தொடங்கினேன். அடுத்த வாக்கியம் அக்காவைப் பற்றியது. அதற்குள் கைதட்டல் எழுந்துவிட்டது. சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். தலைமை தாங்கிய அம்மையார் நெஞ்சில் கை வைத்து, "எவ்வளவு அழகு. நாம் இழந்துவிட்டது அதைத்தான். நன்றி" என்று சொல்லி மைக்கை அடுத்தவருக்குக் கொடுக்கச் சொன்னார். ஹெலன் என் கையைப் பிடித்து அழுத்தினார். என் அக்காவின் பிள்ளை செத்துப்போன காரணத்துக்கு ஒரு கூடமே கைதட்டியது. நான் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துகொண்டேன். அந்த மௌனத்துக்காக நெடுநாள் என்னையே வெறுத்தேன்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே விடுப்பு எடுத்து ஊருக்குப் போனேன். உளுந்தூர்பேட்டையில் இறங்கிக் கள்ளக்குறிச்சி பஸ், அங்கிருந்து வெள்ளிமலை பஸ், அங்கிருந்து எங்கள் ஊர்வரைக்கும் ஷேர் ஜீப். ஜீப்பில் ஊருக்குள் போவது எனக்கு இதுதான் முதல் தடவை. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு மேலே இருக்கும் சரிவில் ஜீப் நின்றுவிட்டது. ரோட்டின் குறுக்கே பெரிய கற்கள் ஏழெட்டு வரிசையாகக் கிடந்தன. நடுவில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தவள் என் அக்கா.

டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யக்கா, வெளிநாட்லேர்ந்து உன் தங்கச்சிதான் வண்டில வந்துகினு இருக்குது. அதுக்காவது கல்ல எடு" என்றார்.

"நாலர மணி வரைக்கும் வண்டி போவாது. பசங்க வூடு போய்ச் சேரட்டும்" என்றாள் அக்கா. என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அவளுக்குக் கால் இருக்குது இல்ல. எறங்கி நடந்து வரட்டும்."

பையைத் தூக்கிக்கொண்டு கற்களைத் தாண்டினேன். இந்த ரோட்டுக்காகச் செருப்புத் தேய நடந்தவள் இதே ரோட்டை மறித்து நிற்கிறாள் என்பது எனக்கு விளங்கவில்லை. அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். கடைசியாக வந்தது மலர், அக்காவின் ஒரே மகள், ஒன்பது வயது. அவள் வலது காலை இழுத்து இழுத்து வைத்து வந்தாள்.

"இன்னாக்கா இது? எப்போ?"

"ஆவணில. கெழங்கு ஏத்தினு வந்த வண்டி. நம்ம கோவிந்தன் அண்ணன் வண்டிதான். பிரேக் புடிக்கல" என்றாள். "உனுக்குச் சொன்னா அங்க தனியா குந்திகினு அழுவ. வரவா முடியும் உன்னால? அதான் சொல்லல."

ஆவணியிலிருந்து வாரா வாரம் நான் வீடியோவில் மலரைப் பார்த்துப் பேசியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவள் உட்கார்ந்தேதான் இருந்தாள். எனக்கு ஒரு தடவைகூடச் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் காலை ரேஷன் கடை முன்னால் ஊர் கூடியது. கல் வைப்பது கூடாது என்பவர்களே அதிகம். அவர்களுக்காகப் பேசியவர் கோவிந்தன் அண்ணன். ரோடு வந்த பிறகு பிக்கப் வண்டி வாங்கி, ஊரின் மரவள்ளிக்கிழங்கையெல்லாம் கீழே கொண்டுபோவது அவர்தான். குரலை உயர்த்தாமல் பேசினார். "பொன்னம்மா, உன்னத் தூக்கினு போன தோளு இது. கொயந்தய அடிச்சது நான்தான், இல்லன்னு சொல்லல. ஆனா வண்டிய நிறுத்தி வெச்சா லோடு லேட்டாவுது. லேட்டானா வெல கம்மி. ஊர் மொத்தமும் நஷ்டப்படணுமா?"

அக்கா அவருக்கு நேராக வந்து நின்றாள். "நீ தூக்குனது மறக்கல அண்ணே. அதனாலதான் போலீசுக்குப் போவல. எம் பொண்ணு அடிபட்டு வியிந்தப்போ உன் வண்டிலயேதான் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். இந்த ரோடு இல்லன்னா அவ காலே போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. இந்த ரோடு இல்லன்னா அவ அடிபட்டிருக்கவே மாட்டா. ரெண்டுக்கும் மனு குடுத்தது நான்தான். ரோடு வாணாம்னு நான் சொல்லுவனா? காலைல அர மணி, சாயங்காலம் அர மணி. ஒடம்பு முடியாதவங்க வந்தா நானே கல்ல எடுக்கிறேன்."

அரிசி வாங்க வந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக நகர்ந்து அக்காவின் பின்னால் நின்றார்கள். அவர்களில் கோவிந்தன் அண்ணனின் மனைவியும் இருந்தார். அண்ணன் அதைப் பார்த்தார். பிறகு, "செரி, அர மணிதான" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்று சாயங்காலம் அவருடைய பிக்கப் சரிவில் வந்து நின்றது. கற்கள் தேவைப்படவில்லை. மற்றப் பிள்ளைகள் வண்டியைக் கடந்து ஓடினார்கள். மலர் மட்டும் வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். இன்ஜின் அணைந்திருந்தும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. கோவிந்தன் அண்ணன் இறங்கி, வண்டியின் முகப்பில் முதுகைச் சாய்த்து, முரட்டுக் காளையைத் தடுப்பவர்போல் இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றிக்கொண்டு நின்றார். "நான் புடிச்சிகினு இருக்கிறேன். நீ போ கண்ணு" என்றார். அவள் காலை இழுத்து இழுத்துக் கடந்து முடிக்கும்வரை அப்படியே நின்றார். அவர் கண்கள் நிறைந்திருந்தன. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பி வந்ததும் ஹெலன் வீட்டுக்குப் போய், கூட்டத்தில் விட்டுப்போன அந்த அடுத்த வாக்கியத்தைச் சொன்னேன். ஓடையிலிருந்து பிக்கப் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் கைதட்டினேன், செல்வி" என்றார். பிறகு மெதுவாக, "அப்படியானால் நீ இதற்கு ஆதரவா, எதிர்ப்பா?" என்று கேட்டார். கருத்துப் படிவத்திலும் அந்த இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. இரண்டையும் விட்டுவிட்டு, ஆம்புலன்சும் முதியவர்களைக் கவனிக்கும் எங்களைப் போன்றவர்களும் போக வழி வேண்டும், பிள்ளைகள் நடக்கவும் வழி வேண்டும் என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன். முடிவு இன்னும் வரவில்லை.

போன வாரம் கடைக்குப் போகும் வழியில் பெரிய சாலையைக் கடந்தேன். கோடு போட்ட இடத்தில் நின்றால் போதும், இங்கே வண்டிகள் தாமாக நிற்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் என் வலது கை தானாக நீண்டு, கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே ரோட்டைத் தாண்டும்போது நீள்வதுபோல், விரல்களை விரித்து வண்டிகளை நிறுத்தியது. முன்னால் நின்ற காரில் இருந்த பெண் அதைப் பார்த்தாள். நான் நன்றி சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தபடி அவளும் கையை உயர்த்தி ஆட்டினாள். என் கையை இறக்குவதா, திருப்பி ஆட்டுவதா என்று தெரியாமல் சாலையின் நடுவில் ஒரு கணம் நின்றேன்.