உள்பக்கக் கைப்பிடி

தூணுக்குச் சட்டை மாட்டி வைத்தால் அதையும் எங்காவது காவலாளி வேலைக்கு அனுப்பிவிடுவார் என்று தெருவில் சொல்வார்கள். அதனால் அவருக்கு ஆள்கடைக்காரர் என்றே பெயர். தையல்கடை மாடியில் ஓர் அறை, இரண்டு நாற்காலி, ஒரு போன். கம்பெனிகள் கேட்கிற ஆட்களை அங்கிருந்துதான் அனுப்புவார்.

அவரைப்போல் ஆள் அனுப்புகிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. “டீயும் பிஸ்கட்டும் தின்கிற கூட்டம்” என்பார். சங்கத் தலைவியம்மா சங்கத்தில் சேரும் விண்ணப்பத்தோடு மாடியேறி வந்தபோது கழிவறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டார்.

அந்த மாதமே ஒரு குளிர்பதனக் கிடங்கு பதினோரு பேர் கேட்டது. சங்கத்துக்காரர்கள் எல்லோரும் கைவிட்ட இடம். பழம் நழுவிப் பாலில் விழுந்ததென்று அனுப்பினார். பதினோராவது ஆள் சொந்த மச்சான், மனைவியின் தம்பி.

தலைவியம்மா மறுபடி வந்தார். மறுபடி கழிவறை. அந்த அம்மாள் வெளியே நின்று என்னவோ சொல்லத் தொடங்க, இவர் குழாயைத் திறந்துவிட்டார். அன்று ஓடிய தண்ணீரில் ஒரு குளம் நிரம்பியிருக்கும். அதன் பிறகு படியில் எந்தப் பெண் குரல் கேட்டாலும் இதே கதைதான்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு டீ பரிமாற ஆள் அனுப்பும் வேலை, மண்டபக்காரர் வழியாக இவருக்கே வந்தது. காலையில் ஓர் ஆள் வரவில்லை. பேர் கெட்டுவிடுமே என்று தானே வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு தட்டைத் தூக்கினார். வயிற்றுப் பக்கம் பொத்தான் எட்டவில்லை.

மூன்றாவது மேசையில் தலைவியம்மா இவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

“அந்தக் கிடங்குல பின்கதவு உள்பக்கக் கைப்பிடி உடைஞ்சு ஆறு மாசமாச்சு. சாத்திக்கிச்சுன்னா உள்ள இருக்கறவங்க விறைச்சுப் போவாங்க. அதான் யாரும் ஆள் அனுப்பாதீங்கன்னு நமக்குள்ள கடிதம் போட்டோம். ஆள்கடைக்காரர் அனுப்பியிருக்காராம்.”

“அவர்கிட்ட சொல்லலையா?”

“என் போனை எடுக்க மாட்டாரு. நேர்ல போனேன். குழாயைத் திறந்து விட்டுட்டாரு, பாவம், வயிறு சரியில்ல போல.”

மேசையே சிரித்தது. பேசாமல் நகர்ந்திருக்கலாம். தட்டோடு குனிந்து கேட்டார்:

“எந்தக் கதவும்மா சொன்னீங்க?”

தலைவியம்மா திரும்பினார். கோட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“பின்கதவு. முதல்ல போன் பண்ணுங்க.”

தட்டை மேசையில் வைத்துவிட்டு மச்சானைக் கூப்பிட்டார். “எல்லாரும் வெளிய வாங்கடா. அந்தப் பின்கதவு...”

“கைப்பிடிதானே மாமா? முதல் நாளே பாத்துட்டோம். செங்கல் வச்சுட்டுத்தான் உள்ள போறோம். செங்கல்லுக்குக் காவலா ஒரு ஆள் வேற.” மச்சானுக்கு எப்போதும் பெரிய குரல்; மேசை முழுக்கக் கேட்டது.

“எங்கிட்ட ஏண்டா சொல்லல?”

“கூட வேலை பாக்கற அக்காவை அனுப்பினோமே மாமா. நீங்க பாத்ரூமை விட்டு வெளியவே வரலையாம்.”

அவருக்குத் தலை தாழ்ந்தது. அப்படியே, பதினோரு பேரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

“நாளைக்கு அவங்களுக்கு வேலை?” என்றார் தலைவியம்மா. மேசையிலிருந்தவர்களே பேசிக்கொண்டார்கள்: எனக்கு நாலு பேர் வேணும், எங்கிட்ட மூணு இடம் இருக்கு. டீ ஆறுவதற்குள் பதினோரு பேருக்கும் இடம் கிடைத்துவிட்டது. யாரும் இவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மீதி மேசைகளுக்கும் அவரே டீ கொடுத்தார். பிறகு விண்ணப்பம் கேட்டார். தலைவியம்மா கைப்பையிலிருந்து எடுத்தது, மாடியேறி வந்த அதே தாள், மடிப்பில் கிழிந்திருந்தது.

அந்தக் கழிவறைக்கு இப்போது உள்தாழ்ப்பாள் கிடையாது. துருப்பிடித்துவிட்டது என்பார், தரையைப் பார்த்துக்கொண்டு.