துரையின் நாலு நாள் பட்டினி

அந்த விலங்கு மருத்துவமனைக்கு டாக்டர்கள் வருவார்கள், மாறிப் போவார்கள். உதவியாளர் தராசக்கா மட்டும் பதினெட்டு வருஷமாக அங்கேயே இருக்கிறாள். நாயோ பூனையோ, உள்ளே வந்ததும் எடை மேடையில் ஏறியாக வேண்டும். அதனால் வந்த பெயர். அடுத்தது விசாரணை. "ஒண்ணுமே தின்னமாட்டேங்குது" என்று சத்தியம் செய்கிறவர்களின் நாயை விலாவில் தடவிப் பார்ப்பாள். எலும்பு தட்டுப்படாவிட்டால், "அப்ப காத்தைக் குடிச்சுத்தான் இப்படி ஆச்சா?" என்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையெல்லாம் அவளிடம் நடக்காது.

ஒருநாள் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் தன் பூனையைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார். பேர் துரை. எடை ஏழரைக் கிலோ.

"அண்ணே, இது பூனையா, மூட்டையா? இந்தத் தீனியைப் போடுங்க, இளைச்சிடும்" என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பினாள். அன்றைக்கு வாசல்வரை கூட்டம்.

ஐந்தாம் நாள் டிரைவர் திரும்பி வந்தார். முகத்தில் வெற்றிக் களை.

"புதுத் தீனியைத் தொடவே மாட்டேன்னுட்டான் தங்கச்சி. நான் விடுவேனா? நாலு நாளா வேற எதுவும் வைக்கல. முப்பது வருஷம் நாய் வளத்தவன் நான். பசி வந்தா தானா வழிக்கு வருவான்."

தராசக்கா துரையின் காதை மடக்கிப் பார்த்தாள். உட்புறம் மஞ்சள் பூத்திருந்தது. உடனே டாக்டரைக் கூப்பிட்டாள்.

நாய் ஒருநாள் முரண்டு பிடிக்கும், மறுநாள் தட்டை நக்கும். பூனை அந்த ஜாதியில்லை. குண்டுப் பூனை சாப்பாட்டை நிறுத்தினால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய் அடைத்துக்கொள்ளும். ஈரல் கெட்டால் பசியே எடுக்காது. பசியே இல்லாததைப் பட்டினி போட்டு என்ன செய்வது?

"பிழைக்கிறது பாதிக்குப் பாதிதான்" என்றார் டாக்டர். டிரைவர் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தார்.

"நானே கொன்னுட்டேனா தங்கச்சி?"

"பாதித் தப்பு என்னோடதுண்ணே. பழைய தீனியில கொஞ்சம் கொஞ்சமா கலந்து, பத்து நாள்ல மாத்துங்கன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல."

பதினெட்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்தால் துரை பிழைக்குமா? "மருந்து உங்க பாடு, தீனி என் பாடு" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டாள்.

துரையின் கழுத்தில் மெல்லிய குழாய் பொருத்தினார்கள். தீனியைக் கூழாக அரைத்து, வெதுவெதுப்பாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றி ஒரு நாளைக்கு ஆறு தடவை கொடுத்தாள். முதல் நாள் தேவையில் கால் பங்குதான். தினமும் காலையில் வந்து நிற்கும் டிரைவர், "இன்னும் கொஞ்சம் குடேன்" என்று கெஞ்சுவார். "பட்டினி கிடந்த உடம்புண்ணே, ஒரேயடியா திணிச்சா தாங்காது. பஸ்ஸை எடுத்ததும் நாலாவது கியர்லயா ஓட்டுனீங்க?" என்று வாயை அடைத்துவிடுவாள். எழுதி வைத்த அளவுக்கு ஒரு சொட்டு கூடவிடவில்லை, குறையவும் விடவில்லை. மஞ்சள் மெல்ல வடிந்தது. துரை மட்டும் வாயைத் திறக்கவில்லை.

பதினேழாம் நாள் காலை, டிரைவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய தீனியைச் சூடாக்கிக் கூண்டுக்குள் வைத்தாள். துரை மோந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடி மோந்தது. அப்புறம் தலையைத் தாழ்த்தித் தானாகத் தின்னத் தொடங்கியது.

டிரைவர் தேம்பித் தேம்பி அழுதார். அழுகையின் நடுவிலேயே பதறினார்.

"ஐயோ, இது குண்டாக்குற தீனியாச்சே! போதும், எடுத்துடலாமா?"

தராசக்கா தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள்.

"தின்னட்டும்ணே. உயிரோட இருக்கிறவனைத்தான் இளைக்க வைக்க முடியும்."