செல்லபாய் தாழ்த்திப் பிடித்த டம்ளர்

தாவோவைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். கிழக்கேகோட்டையில் எங்கள் பென்ஷனர் சங்கத்து மாடியில் பன்னிரண்டு வெள்ளிக்கிழமை அதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். “தாவோ என்றால் வழி. சீன தேசத்துப் பழைய ஞானிகள் சொல்வது இதுதான்: எதையும் முண்டிச் செய்யாதே. தண்ணீர் பள்ளம் பார்த்துப் போகிறது, அதனால்தான் எல்லாம் அங்கே வந்து சேருகிறது” என்று நான் முழங்கும்போது, மின்விசிறிக்குக் கீழே பாதிப் பேர் தூங்குவார்கள். அவர்கள் மேல் எரிந்து விழுவேன். வீட்டுக்கு வந்தால் என் மனைவி சாவித்ரி, “ஊருக்குத்தானே உபதேசம்!” என்று சிரிப்பாள். அவள் மேலும் எரிந்து விழுவேன்.

இந்தப் பஞ்சாபகேசனுக்கு அந்த வழியில் நாலடி நடக்கக் கற்றுக்கொடுத்தவர் செல்லபாய். தாவோ என்ற சொல்லையே அவர் கேட்டதில்லை.

போன கர்க்கடகத்தில், அதாவது மலையாள ஆடியில், ஒரு காலை, குளித்துவிட்டு வேஷ்டி கட்டப் போனால் வலது கை வரவில்லை. பக்கவாதம். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். கை கால் மெல்லத் திரும்பின, பேச்சு குழறலோடு வந்தது, விழுங்குவது மட்டும் வரவில்லை. தண்ணீர் குடித்தால் மூச்சுக்குழலுக்குள் போயிற்று. மூக்கு வழியாக ஒரு குழாயைச் செருகி, அதில் கஞ்சி ஊற்றச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் எங்கள் பெண் ஜானவி விசாரித்து, என்னைக் கவனிக்க ஹோம் நர்ஸ் ஒருவரை ஏற்பாடு செய்தாள். அவர்தான் செல்லபாய்.

வயது ஐம்பத்திரண்டு. பாறசாலைக்குப் பக்கத்து ஊர். காலை ஏழு மணிக்கு பஸ் இறங்கி வருவார், சாயங்காலம் ஆறரை பஸ்ஸுக்குக் கிளம்புவார், ஞாயிற்றுக்கிழமை சர்ச். வீட்டுக்குள் நுழைந்ததும் கை கால் கழுவிவிட்டு, என்ன செய்யட்டும் என்று கேட்காமல், கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்ப்பார். இந்த அம்மாளுக்கு வேலை தெரியாது என்று முதல் நாளே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டம்ளரில் யாரும் உதடு வைப்பதில்லை. வைத்தால் எச்சில். அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து வாயில் ஊற்றிக்கொள்வோம். அறுபத்தொன்பது வருஷம் காபியையும் ஆற்றி, தூக்கித்தான் குடித்தேன். ஒரு சொட்டு மேலே சிந்தினது கிடையாது, அதில் எனக்கு ஏகப் பெருமை. முதல் நாள் சாவித்ரி காபி கொடுத்தபோது, யாரும் சொல்லாமலே, செல்லபாயும் தூக்கிக் குடித்தார். சாவித்ரிக்கு நிம்மதி. எனக்கும்தான், மறைப்பானேன்.

ஆனால் ஆஸ்பத்திரியில் விழுங்கும் பயிற்சி கொடுத்த சுப்ரியா என்ற பெண், நேர் எதிராகச் சொல்லி அனுப்பியிருந்தாள். நிமிர்ந்து உட்கார வேண்டும். முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்த வேண்டும். உதட்டை வைத்து ஒரே ஒரு வாய். முதலில் கெட்டிக் கஞ்சி, தண்ணீரும் காபியும் கடைசியில்தான். அண்ணாந்து மட்டும் குடிக்கவே கூடாது, நேரே மூச்சுக்குழலுக்குத்தான் போகும்.

மூன்றாம் வாரம் ஒரு நாள் செல்லபாய் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். சமையலறையில் டிகாஷன் இறங்கும் வாசனை. என்னால் முடியவில்லை. “ஒரே ஒரு முழுங்கு” என்று சாவித்ரியைக் கெஞ்சினேன். “ஏன்னா, வேண்டாம்னா” என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு அரை டம்ளர் ஆற்றிக் கொண்டுவந்தாள். கை தானாக உயர்ந்தது. தலை தானாக அண்ணாந்தது.

பிறகு நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. மூச்சு முட்டியது, செல்லபாய் ஓடிவந்து முன்னால் குனியவைத்தது, சாயங்காலம் காய்ச்சல், நெஞ்சில் சளி, மறுபடியும் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம். நன்றாக வேண்டும் எனக்கு! டாக்டர் கறாராகச் சொன்னார்: மூன்று வாரம் பார்ப்போம், அதற்குள் பத்திரமாக விழுங்கத் தெரியாவிட்டால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துவிடலாம். இனி ஆயுசுக்கும் வாயில் காபி படாது என்றுதான் என் காதில் விழுந்தது.

செல்லபாய் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். படுக்கையைச் சரிசெய்துகொண்டே, “ஆசைப்பட்டுட்டியளா சாரே?” என்றார். “ஆசை இருக்கியது நல்லதாக்கும். ஆசை விட்டுப் போனவங்களத்தான் தேத்த முடியாது.”

மூன்று வாரம்தான் இருக்கிறது என்றதும் நான் முழு மூச்சாக இறங்கினேன். பல்லைக் கடித்து, கண்ணை மூடி, முக்கி முக்கி விழுங்கப் பார்த்தேன். முக்க முக்கத் தொண்டை இறுகியது. முகவாயைத் தாழ்த்தச் சொன்னால், கஞ்சி உதட்டருகே வந்ததும் தலை தன் பாட்டுக்கு மேலே போயிற்று. ஒரு நாள் ஸ்பூனை விட்டெறிந்தேன். செல்லபாய் அதை எடுத்து, கழுவி, துடைத்து, திரும்பி வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் ஸ்பூன் இல்லை. டம்ளரில் ஜவ்வரிசிக் கஞ்சியை எடுத்து வந்து, என் நெஞ்சுக்கு நேரே தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்க ஆரம்பித்தார். விழுங்குங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்து டம்ளரை மேலே இழுத்தேன்.

“அது மேல வராது சாரே. நீங்க அதுகிட்ட வந்தா மதி, அது போதும்.”

“எவ்வளவு நேரம் பிடிச்சுண்டிருப்பே?”

“எனக்கு ஆறரைக்குத்தான பஸ்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. குழறிக் குழறிக் கத்தினேன். “சும்மா உக்காரவா வந்தே? பிடிச்சு வாயில ஊத்தேன்!”

டம்ளரைக் கீழே வைக்காமலே செல்லபாய் என்னைப் பார்த்தார். “எனக்க வீட்டுக்காரரு ராஜையனும் இப்படித்தான் கெடந்தாரு சாரே. கஞ்சி வேண்டாம்னாரு. நான் விடல்ல. இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்னு பிடிச்சு ஊட்டினேன். பாசத்திலதான். அது நுரையீரல்ல எறங்கி நாலாம் நாள் போயிட்டாரு. அதுக்குப் பெறவு நான் ஆரையும் வற்புறுத்தியது இல்ல.”

அழவில்லை அவர். மறுபடி ஜன்னலைப் பார்த்தார். கை மட்டும் அதே உயரத்தில் நின்றது.

எனக்கு வெட்கமாக இருந்தது. பள்ளத்துக்குத்தான் எல்லாம் வந்து சேரும் என்று மாடியில் நின்று கத்தியவன், ஒரு டம்ளருக்குத் தலை குனிய மாட்டேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். வெளியே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டே குனிந்தேன். என் ஜென்மத்தில் முதல் தடவையாக டம்ளரின் விளிம்பு உதட்டில் பட்டது. நான் முக்கவில்லை. கஞ்சி தானாக இறங்கியது. இருமல் வரவில்லை.

“ஸ்கூட்டர் கிளம்பிட்டு” என்றார் செல்லபாய், தெருவைப் பார்த்தபடியே.

மூன்று வாரம் முடிந்து சுப்ரியா சோதித்துப் பார்த்தாள். கஞ்சி, கூழ், கடைசியில் வெறும் தண்ணீர். எல்லாம் சரியான வழியில் போயிற்று. மூக்குக் குழாயை உருவியபோது அந்த வலியிலும் சிரித்தேன். சாவித்ரி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே செல்லபாயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்று முதல் வீட்டில் காபி எனக்கு உண்டு, குனிந்து, உதடு வைத்து.

துலா மாதத்தில், அதுதான் ஐப்பசியில், நான் தனியாகக் குளக்கரைவரை நடந்து திரும்ப ஆரம்பித்ததும், செல்லபாய் விடைபெறும் நாள் வந்தது. பேட்டையில் இன்னொரு வீட்டில் யாரோ காத்திருந்தார்கள். சாவித்ரி மூன்று டம்ளர் காபி கொண்டுவந்தாள். நன்றி சொல்ல நாலு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். நான் குனிந்து ஒரு வாய் குடித்து நிமிர்ந்தேன். எதிரே செல்லபாய் காபியை நன்றாக ஆற்றி, அண்ணாந்து, டம்ளரைத் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தார்.

மூன்று மாதமாக, தினம் இரண்டு வேளை, எங்களுக்காக. என்னை ஒரு டம்ளருக்குக் குனியவைத்தவர், எங்கள் ஆசாரத்துக்கு அவர் வளைந்துகொடுத்ததை ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன், என் கண்ணில் படவில்லை. யோசித்து வைத்த நாலு வாக்கியமும் மறந்துவிட்டது.

“செல்லபாய், வாய் வெச்சுக் குடியுங்கோ” என்றேன்.

அவர் சட்டென்று சாவித்ரியைப் பார்த்தார். சாவித்ரி தன் டம்ளரை எடுத்து, உதட்டில் வைத்து, ஒரு வாய் உறிஞ்சினாள். “ஆறிடப் போறது, சூடா குடியுங்கோ” என்று செல்லபாயின் டம்ளரை வாங்கி, புதுக் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

செல்லபாய் தலையைக் குனிந்து, நிதானமாக, பாதி டம்ளர் குடித்தார். பிறகு உதட்டைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“அம்மா, இண்ணைக்குத்தான் ஒங்க காப்பிக்க ருசி தெரியுது.”