கடலில் இருப்பவரின் கையெழுத்து

அந்த யோசனை கரண்ட் ஆபீஸ் வரிசையில்தான் வந்தது. எதிர்வீட்டு அக்காவுக்குத் துணையாகப் போயிருந்தேன். அக்கா காசிமேட்டில் மீன் விற்பவர். உப்புக்காற்றில் அவர் வீட்டு மீட்டர் எரிந்துபோய், ஃப்ரீசர் பெட்டி நின்றுவிட்டது. மிஞ்சிய மீனை மறுநாளுக்கு வைக்க முடியாமல், பொழுது சாய்வதற்குள் கேட்ட விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். மீட்டர் மாற்ற, இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார் அதிகாரி. இணைப்பு அக்காவின் புருஷன் பேரில். அவர் விசைப்படகில் ஆழ்கடலில் இருந்தார். எப்போது கரைக்கு வருவார் என்பது மீனைப் பொறுத்தது.

மனைவி போட்டால் ஆகாதா என்று கேட்டேன். விதிப்படி அவர் மூன்றாம் நபர் என்றார் அதிகாரி, கோபமில்லாமல்.

“தாலி கட்டிக்கினவ நானே மூணாவது ஆளுன்னா, ரெண்டாவது யாரு சார்? அவளயாவது இட்டாரேன்” என்றார் அக்கா.

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அவரவருக்கு அவரவர் மீட்டர்.

அப்போதுதான் தோன்றியது. ‘என் சார்பாக இவர் வருவார்’ என்று புருஷனே ஒரு கடிதம் கொடுத்தால்? கொண்டு வாம்மா, பார்க்கலாம் என்றார் அதிகாரி. பி.காம் முடித்து வேலைக்கு விண்ணப்பங்களாக எழுதித் தள்ளிக்கொண்டிருந்த எனக்கு, நான் எழுதுவதைப் பார்க்கலாம் என்று சொன்ன முதல் மனிதர் அவர். அக்காவுக்கு அலைய நேரமில்லை என்பதால் கடிதத்தில் என் பெயரையே போட்டேன்.

கையெழுத்துதான் இல்லை. படகு முதலாளியின் ஷெட்டில் வயர்லெஸ் இருந்தது. அதில் அக்காவின் புருஷனை, நான் அண்ணன் என்று அழைப்பவரை, கூப்பிட்டு, அவர் சொன்னதை போனில் பதிவு செய்தேன். “அந்தப் பாப்பா வந்தா செஞ்சு குட்துடுங்க சார், பெட்டி ஓடணும்.” பின்னால் எஞ்சின் சத்தம். அதிகாரி இரண்டு முறை கேட்டார். குரல் தெளிவாக இருக்கிறது, ஆனால் குரலை ஃபைலில் வைக்க முடியாது என்றார்.

படகு வந்ததும் ஐஸ் பெட்டி மூடிமேல் வைத்துக் கையெழுத்து வாங்கினேன். தாள் நனைந்துவிட்டது. இது அவர் கையெழுத்துதான் என்று எனக்கு எப்படித் தெரியும், அவரே வந்து சொல்லட்டும் என்றார் அதிகாரி. தூங்க வேண்டிய அண்ணன் டீசல் வாடையோடு வந்து, இந்தப் பாப்பாவை அனுப்பியது நான்தான் என்றார். நீங்களே வந்தபிறகு கடிதம் எதற்கு என்று விண்ணப்பத்தில் நேராகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கடிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார் அதிகாரி.

மீட்டர் வந்த அன்று அண்ணன் மறுபடி கடலில். இணைப்பு யார் பேரிலோ அவர் கையெழுத்தில்லாமல் மாட்ட மாட்டேன் என்றார் லைன்மேன். அக்காவும் நானும் அதே கடிதத்தோடு கரண்ட் ஆபீசுக்கு ஓடினோம். அதிகாரி கடிதத்தை மேலும் கீழும் பார்த்தார். “கையெழுத்துப் போட்ட இந்த ஆள நான் பாத்திருக்கேனே” என்று அதன்மேல் சீல் குத்தினார். குத்திக்கொண்டே, ஞாயிறுதோறும் காசிமேட்டில்தான் மீன் வாங்குவதாக அக்காவிடம் சொன்னார்.

அன்று சாயங்காலம் அக்கா ஃப்ரீசர் பெட்டி மூடிமேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். “ஓடிக்கினுகீது” என்றார்.

அதிகாரி ஒப்புக்கொண்டது என் கடிதத்தை அல்ல, பார்த்த முகத்தை. எங்கள் தெருவில் பாதி மீட்டர்கள் கடலில் இருப்பவர்கள் பேரில்தான் இருக்கின்றன. வரும் ஞாயிறு அதிகாரி மீன் வாங்க வரும்போது முகங்களைப் பார்த்துவைக்கட்டும் என்று, கரையில் இருக்கும் ஆண்களை ஆளுக்கொரு கடிதத்தோடு அக்காவின் கூடைக்குப் பக்கத்தில் நிறுத்தப்போகிறேன்.

“மொதல்ல அவரு மீன வாங்கட்டும், அப்பால ஆளுங்கள காட்டு” என்கிறார் அக்கா. அதிகாரியிடம் இன்னும் சொல்லவில்லை.